எல்லோருடைய பாஸ்வேர்டையும் அடித்து மாற்றிய நாள்

மட்டாஞ்சேரியில் எங்கள் அலுவலகத்தில் சாப்பிட எழுந்து போகிறவர்கள் கீபோர்டின் மேல் ஒரு தோர்த்தைப் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். தோர்த்து என்றால் வேறொன்றுமில்லை, குளித்துத் துவட்டுகிற மெல்லிய துண்டு. அடுத்த கட்டிடம் கிடங்கு. அங்கே மிளகு சலிக்க ஆரம்பித்தால் இங்கே தும்மல் ஆரம்பிக்கும். அந்தத் தூசி உள்ளே இறங்கினால் கீபோர்டின் எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் துண்டு. சரி, நியாயம்தான். ஆனால் கீபோர்டைக் கைக்குழந்தை மாதிரி போர்த்திவிட்டு, எதிரே இருக்கும் திரையை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. எந்த நாட்டுக்கு எத்தனை டன், என்ன விலை, வாங்குகிறவர் யார், எல்லாம் பளிச்சென்று தெரியும். சாயா கொண்டு வருகிறவர் நின்று நிதானமாகப் படித்துவிட்டுப் போகலாம். தூசிக்குப் பயப்படுகிறார்கள், மனுஷருக்குப் பயப்படவில்லை. வந்த முதல் நாளே எனக்குச் சந்தேகம். இவ்வளவு வெகுளியாக ஓர் ஆபீஸ் இருக்க முடியாது, உள்ளே என்னவோ இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்படித்தான் நினைப்பேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களும், என்னைப் போல வாளையார் எல்லை தாண்டி வந்து பிழைக்கிறவர்களும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், நான் லேசில் யாரையும் நம்புகிற ஆள் கிடையாது. என் பெயர் தேன்மொழி. கோயம்புத்தூரில் என்னைத் ‘தேன்மொலி’ என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம். இங்கே வந்த அன்றைக்கே எல்லோரும் ழகரத்தைச் சுத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு அதிலும் ஒரு சந்தேகம், நக்கல் பண்ணுகிறார்களோ என்று. கணவருக்கு எர்ணாகுளத்தில் வேலை கிடைத்ததால் வந்தோம். எனக்கு மட்டாஞ்சேரியில் இந்த ஏற்றுமதிக் கம்பெனியில் இடம் கிடைத்தது. மிளகு, சுக்கு, ஜாதிக்காய். கதவில் ‘ஐடி மேனேஜர்’ என்று பலகை. மேனேஜர் என்றதும் கீழே பத்துப் பேர் இருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தத் துறையே நான் ஒருத்திதான். சர்வர் நின்றாலும் நான், பிரிண்டரில் தாள் சிக்கினாலும் நான், முதலாளி வர்க்கி சாரின் போனில் படம் பெரிதாகத் தெரியவில்லை என்றாலும் நான்.

வீடு தேடி அலைந்தபோது சுள்ளிக்கலில் ஒரு வீட்டுக்காரர், நாங்கள் பேசியதைக் கேட்டதும் முகத்தைச் சுருக்கிவிட்டார். தமிழர்கள் என்றால் ஒரு அறைக்கு எட்டுப் பேர் வந்து தங்குவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்காகப் போய்ப் பேசியவர் ஸலீமிக்கா, அதாவது ஸலீம் அண்ணன். எங்கள் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவுக்குப் பொறுப்பாளர். இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருக்கிறார், ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். “நம்முடெ ஆளா”, நம்ம ஆள்தான் என்று வீட்டுக்காரரிடம் ஒரே வார்த்தை சொன்னார், சாவி கிடைத்துவிட்டது. ஆபீஸில் மற்றவர்களுக்கு நான் மேடம், இல்லை சேச்சி, அதாவது அக்கா. அவருக்கு மட்டும் ‘மோளே’. மகளே என்று அர்த்தம். சர்வர் அறையில் ஏசி போதவில்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்து, “மோளே, நீயும் சர்வரும் ஒந்நிச்சு சூடாயால் எங்ஙனெ?” என்பார். நீயும் சர்வரும் சேர்ந்து சூடானால் எப்படி என்று. சிரிக்காமல் இருக்க முடியாது. இவ்வளவு நல்ல மனுஷரை நான் எப்படிச் சந்தேகப்பட்டேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் என் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது, பக்கத்து இருக்கைத் தோழி போன் பண்ணி, “அவசரமுங்க, உங்க பாஸ்வேர்டைக் கொஞ்சம் சொல்லுங்க” என்றாள். சொன்னேன். திரும்பி வந்தபோது மேலதிகாரிகளின் சம்பளப் பட்டியல் எல்லோருடைய போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது, திறந்தது என் பெயரில். மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இரண்டு நாள் விசாரணை. யாரோ என்மேல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் அவர்கள் கைக்குக் கீழே இருந்தது, யார் எழுதியது என்று காட்டவேயில்லை. கடைசியில் “சரி, நீங்க போகலாம்” என்றார்கள். தப்பு உங்கள்மேல் இல்லை என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆபீஸில் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, நீயா, நீயா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினேன். முடியவில்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பாஸ்வேர்டு என்றால் எனக்கு ஏன் இவ்வளவு வெறி என்று இப்போது புரிந்திருக்கும்.

இங்கே சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் வர்க்கி சார் என்னை அறைக்குள் கூப்பிட்டு, தானே எழுந்து கதவைச் சாத்தினார். வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு நாங்கள் சொன்ன விலைக்குக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்து, பஜாரில் இன்னொருவர் விலை சொல்லி ஆர்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இது இரண்டாவது தடவை. “அகத்துள்ள ஆரோ ஆணு, தேன்மொழி. கண்டுபிடிக்கணம்” என்றார். உள்ளே இருக்கிற யாரோதான் என்று அவர் சொன்னதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குள் ஒரு உற்சாகம் வந்தது. திரையை மூடிவிட்டுப் போங்கள் என்று இரண்டு வருஷமாக நான் சொன்னபோது யார் கேட்டார்கள்? இப்போது பார்க்கலாம் என்று லாகைத் திறந்தேன். யார், எந்தக் கம்ப்யூட்டரில், எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்று சர்வர் தானாகவே குறித்து வைத்திருக்கும். விலைப்பட்டியலைத் திறக்கும் அனுமதி இரண்டே பேருக்குத்தான் உண்டு, ஒன்று வர்க்கி சார், இன்னொன்று ஸலீமிக்கா. மதியம் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில், எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில், ஸலீமிக்காவின் பெயரில் அந்தப் பட்டியல் திறக்கப்பட்டிருந்தது. ஒருநாள் இருநாள் இல்லை, அநேகமாகத் தினமும். அதுவும் அவருடைய கம்ப்யூட்டரில் இல்லை. ஒருநாள் கணக்குப் பிரிவில், ஒருநாள் வரவேற்பில், ஒருநாள் கிடங்கு மேஜையில்.

அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் செய்வதெல்லாம் எனக்குக் கள்ளத்தனமாகவே பட்டது. போன் வந்தால் முற்றத்தின் மூலைக்குப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசுவார். நான் அந்தப் பக்கம் போனால் சட்டென்று நிறுத்திவிட்டு, “பின்னெ விளிக்காம்”, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவார். முன்பெல்லாம் நான் கவனித்ததே இல்லை. இப்போது தினமும் கவனித்தேன். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு, அதில் என்ன எழுதுகிறார்? நான் பார்த்தால் ஏன் மூடுகிறார்? வீடு பார்த்துக் கொடுத்ததுகூட என்னைக் கைக்குள் போட்டுக்கொள்ளத்தானோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அதை நினைத்த என் புத்தியை எதால் அடிக்க? இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். லாகில் வெள்ளிக்கிழமைகளும் இருந்தன. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஸலீமிக்கா தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருப்பார், அது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வரிகள் என் கண்ணெதிரேதான் இருந்தன. வேகமாகத் தாண்டிப் போனேன்.

இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி வர்க்கி சாரிடம் கொடுத்தேன். ஸலீமிக்காவின் அனுமதியை உடனே ரத்து செய்ய வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், அதுவரை அவர் வேலையில் இருக்கக்கூடாது என்று பரிந்துரை. வர்க்கி சார் படித்துவிட்டு வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “ஸலீமோ?” என்றார். பிறகு, திங்கட்கிழமை அவரை நிறுத்திவிடலாம் என்றார். சனிக்கிழமை காலையில் யாரும் வருவதற்கு முன்னால் போய் உட்கார்ந்து, ஆபீஸ் முழுவதற்கும் பாஸ்வேர்டுகளை மாற்றினேன். ஒவ்வொருவருக்கும் புதியதை எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். ஸலீமிக்காவுக்கு மட்டும் உறை போடவில்லை.

பத்து மணிக்கு எல்லோரையும் கூட்டி நிறுத்தினேன். அதுவரை ஆபீஸில் ஆங்கிலமும் தமிழும் கலந்துதான் சமாளித்து வந்தேன். அன்றைக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, இவர்கள் மொழியிலேயே சொன்னால்தான் உறைக்கும் என்று மலையாளத்தில் ஆரம்பித்தேன். நமக்கு டைப் செய்வது என்றால் அடிப்பது. டைப் அடித்து மாற்றினேன் என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. “ஞான் எல்லாருடேயும் பாஸ்வேர்டு அடிச்சு மாற்றி” என்றேன் கம்பீரமாக.

கணக்குப் பிரிவு பிந்துதான் மெதுவாகக் கேட்டாள். “அடிச்சுமாற்றியோ?”

“அதே. எல்லாம் அடிச்சுமாற்றி. ராவிலே, ஆரும் வருந்நதினு முன்பு.” ஆமாம், காலையில், யாரும் வருவதற்கு முன்னால் என்று அழுத்திச் சொன்னேன்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். பிந்து பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். என் உச்சரிப்பைத்தான் கேலி செய்கிறார்கள் என்று எனக்குச் சுருக்கென்று கோபம். ஸலீமிக்கா ஒருவர்தான் சிரிக்கவில்லை. “எந்தினா மோளே?” என்றார். எதற்கு மகளே என்று கேட்கிறார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டு, “இக்காவுக்கு அறியாம்” என்றேன், உங்களுக்கே தெரியும் என்று. உறைகளைக் கொடுத்தேன். “எந்றேயோ?” என்று தன்னுடையதற்காகக் கை நீட்டினார். உங்களுடையதை சார் தருவார் என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் என் அறைக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வர்க்கி சார் கூப்பிட்டார். உள்ளே பிந்து நின்றுகொண்டிருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து. மேஜைமேல் ஒரு தாள், அதில் ஏழெட்டுப் பேர் கையெழுத்து. ஆர்டர் கைவிட்டுப் போனது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். விலைப்பட்டியல் வெளியே போனதற்குக் காரணம் நான்தான் என்று புகார். வர்க்கி சார் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, பீளமேட்டில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதே பார்வை. “நிங்ஙள் தந்நெயல்லே பறஞ்ஞது, அடிச்சுமாற்றி எந்நு? எல்லாருடேயும் முன்பில் வெச்சு?” நீங்களேதானே எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள் என்கிறார். ஆமாம், சொன்னேன், அது என் வேலை, அதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று நான் சத்தம் போட்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது. பிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பேசப் பேச நிலைமை மோசமாகிக்கொண்டே போனது, ஏன் என்று எனக்குப் புரியவேயில்லை. அத்தனை பேரும் சேர்ந்து என்னை வெளியேற்றத் திட்டம் போட்டுவிட்டார்கள், தமிழச்சி என்றால் இளக்காரம் என்றுதான் நினைத்தேன்.

சீனியர் என்பதால் ஸலீமிக்காவையும் வர்க்கி சார் கூப்பிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு ஸலீமிக்கா, “ஸாரே, ஈ குட்டி பறஞ்ஞது தமிழா” என்றார். “அவருடெ பாஷயில் அடிக்குக எந்நு பறஞ்ஞால் டைப் செய்யுக எந்நா. மோஷணமல்ல.” இவள் பேசியது தமிழ், திருட்டு இல்லை என்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். மலையாளத்தில் அடிச்சுமாற்றுவது என்றால் லவட்டிக்கொண்டு போவது. நான் ஆபீஸ் முழுவதையும் கூட்டி வைத்து, உங்கள் பாஸ்வேர்டையெல்லாம் யாரும் வருவதற்கு முன்னால் திருடிவிட்டேன் என்று அறிவித்திருக்கிறேன். வர்க்கி சார் முதலில் சிரித்தார், பிந்து அழுதுகொண்டே சிரித்தாள், “அய்யோ சேச்சி, க்ஷமிக்கணே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு எப்படித் தமிழ் தெரியும் என்று ஸலீமிக்காவிடம் கேட்டேன். போடியில் இருக்கும் வியாபாரிகளுடன் தினமும் போனில் தமிழில்தான் பேச்சு என்றார். முற்றத்து மூலையில் பேசியது அதுதான். நோட்டில் எழுதி வைத்ததும் அவர்கள் சொல்லும் தமிழ் வார்த்தைகளைத்தான். சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு, “எந்றெ தமிழ் மோசமா. மோள் கேட்டால் சிரிக்கும்” என்றார், தன் தமிழ் மோசமாம்.

அப்போதே எனக்கு உள்ளே என்னவோ இடிந்து விழ ஆரம்பித்துவிட்டது. மிச்சத்தைப் பிந்து முடித்து வைத்தாள். “சேச்சி, இக்காவின்றெ உறை தா. ஒரு மணி ஆயி. பேப்பர் போகண்டே?” என்றாள், சரக்குப் பேப்பர் போக வேண்டாமா என்று. இக்காவின் உறை உனக்கு எதற்கு என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். இக்கா சாப்பிடவோ தொழவோ போகும்போது கப்பல் ஏஜென்ட் அவசரமாகப் பேப்பர் கேட்பார். சரக்குப் பேப்பரும் விலைப்பட்டியலும் இருக்கிற மென்பொருளுக்கு இரண்டு பேருக்குமேல் லைசென்ஸ் வாங்கவில்லை. அதனால் யார் கையில் வேலை இருக்கிறதோ அவர்கள் இக்காவின் பாஸ்வேர்டில் நுழைந்து எடுத்துக்கொள்வார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான். எல்லோருக்கும் தெரிந்ததை யார் போய்த் தனியாகச் சொல்வார்கள்? எத்தனை பேருக்கு வேலை, எத்தனை லைசென்ஸ் என்று முதல் வாரமே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கவில்லை, லாகைப் படித்தேன்.

வர்க்கி சாருக்கும் புரிந்துவிட்டது. புகார்த் தாளைக் கையில் எடுத்தபோது அதன் கீழே என் அறிக்கை இருந்தது. அதையும் சேர்த்து எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இழுப்பறையைத் திறந்தார். உள்ளே போட்டுவிட்டால் முடிந்தது. ஸலீமிக்காவுக்கு எதுவும் தெரிய வராது. நான் அவருக்கு மோளாகவே இருந்துவிடலாம். மனசு என்னவோ அந்த இழுப்பறையோடு சேர்ந்து உள்ளே போய்விடத்தான் துடித்தது. ஆனால் பீளமேட்டில் கைக்குக் கீழே மறைந்திருந்த அந்தத் தாள் எட்டு வருஷ வேலையைவிட அதிகமாக என்னைத் தின்றது. இன்றைக்கும் எழுதியவர் யார் என்று தெரியாது. “சார், அதை அவர் பார்க்கணும்” என்றேன். அவசரத்தில் தமிழிலேயே வந்துவிட்டது. வர்க்கி சார் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். நானே வாங்கி ஸலீமிக்காவிடம் நீட்டினேன்.

முதல் வரியில் தன் பெயரைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குச் சரக்குப் பேப்பர் அளவுக்குத்தான். தாளைத் திருப்பி என்னிடமே கொடுத்து, “தமிழில் வாயிச்சு தா” என்றார். வாசித்தேன். என் ஆங்கிலத்தை நானே, வரி வரியாக, அவர் முகத்துக்கு நேராகத் தமிழில் சொன்னேன். இவர் நம்பிக்கைக்குரியவர் அல்ல என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் அது என்னவோ ஆபீஸ் வாக்கியமாகத்தான் இருந்தது. தமிழில் சொல்லும்போதுதான் நான் எழுதியது என்ன என்று எனக்கே கேட்டது. விடாமல் சொன்னேன். “மன்னிச்சிருங்க இக்கா. தப்பு முழுக்க என்னோடது” என்று கடைசியில் சேர்த்தேன், அது தாளில் இல்லை. அவர் தலையை ஆட்டினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை. ஸலீமிக்கா அதே நாற்காலியில்தான் இருக்கிறார். வர்க்கி சார் முனகிக்கொண்டே ஐந்து லைசென்ஸ் கூடுதலாக வாங்கினார். இப்போது அவரவருக்கு அவரவர் பாஸ்வேர்டு. விலை எப்படி வெளியே போனது என்பது இன்னும் தெரியாது. வர்க்கி சார் வெளிநாட்டுப் போன் வந்தால் சிக்னலுக்காக பஜார் பக்கத்து ஜன்னலில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தி விலை சொல்வார் என்பதை இந்த மாதம்தான் கவனித்தேன். எனக்கு அங்கேதான் சந்தேகம். முதலாளி தொண்டைக்கு லாக் கிடையாதே, எதை வைத்து நிரூபிக்க?

ஆனால் அந்தத் திங்கட்கிழமை ஸலீமிக்கா என் அறை வாசலில் நின்று, “வணக்கம் மேடம். கண்டெய்னர் பேப்பர் ரெடியா இருக்கு. பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார். நல்ல தமிழ். மோசம் என்று அவர் சொன்னதுதான் பொய். அன்றிலிருந்து என்னிடம் ஒரு மலையாள வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் மேடம், ஒவ்வொரு வினையிலும் ‘ங்க’. ஒரு குறை சொல்ல முடியாத மரியாதை. கோயம்புத்தூரில் யாராவது இப்படிப் பேசினால் எவ்வளவு பண்பான மனுஷர் என்று நினைத்திருப்பேன். என் சொந்த மொழியைக் கேட்டு எனக்கு அழுகை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நானோ பிடிவாதமாக அவரிடம் மலையாளத்தில்தான் பேசுகிறேன். தப்புத் தப்பாகப் பேசுகிறேன், சிரித்தாவது தொலைக்கட்டுமே என்று. அவர் சிரிப்பதில்லை, திருத்துவதும் இல்லை.

நேற்று மதியம் அவர் கை கழுவிக்கொண்டு வந்தபோது எதிரே போய், “இக்கா, ஊணு கழிச்சோ?” என்று கேட்டேன்.

“சாப்பிட்டேன் மேடம். நீங்க சாப்பிட்டீங்களா?” என்றார்.

பிந்து அதைக் கேட்டுக்கொண்டே போனாள். “சேச்சியுடெ பாக்யம் நோக்கணே! ஈ நாட்டில் வந்நிட்டும் தமிழ் பறயான் ஒராளெ கிட்டியல்லோ” என்றாள். வந்த ஊரிலும் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்திருக்கிறதே என்று என்மேல் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

ஸலீமிக்கா என் பதிலுக்காக மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்.

“கழிச்சு, இக்கா” என்றேன்.